பெருந்தோட்டக் குடிவரவும் இலங்கைப் பொருளாதாரமும்

புறநாட்டிலிருந்து வந்து குடியேறுவோர் ஒரு நாட்டின் செல்வத்தைப் பெருக்குகின்றனரா, அன்றி அங்குள்ளோரின் பங்கைக் குறைக்கின்றனரா என்னும் வினா பல நாடுகளிலும் எழுப்பப்படுவதாகும். இலங்கையின் பெருந்தோட்ட வரலாறு இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்கதொரு களமாகும்.

1830களின் பின்னர் மலைநாட்டிற் கோப்பிச் செய்கை விரிவடைந்தது. வயலும் சேனையும் உடைய கண்டிக் குடியானவன் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக வாழ விரும்பவில்லை. எனவே தென்னிந்தியத் தொழிலாளர் வருவிக்கப்பட்டனர். கோப்பி அறுவடை முடிந்ததும் அவர்களிற் பெரும்பாலானோர் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் காலப்போக்கிற் கோப்பியை அழிக்கவே, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தொடங்கிய இச்செய்கை, அந்நூற்றாண்டின் இறுதியில் 3 இலட்சம் ஏக்கரைக் கடந்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால் தொழிலாளர் குடும்பங்களாக நிலைகொண்டனர்.

இவ்வுழைப்பினால் நாடு பெற்ற பயன் பெரிது. கோப்பியை ஏற்றிச் செல்லும் தேவையே 1867இல் கொழும்பு - கண்டி புகையிரதப் பாதை நிறைவுறக் காரணமாயிற்று. கொழும்புத் துறைமுகத்தின் வளர்ச்சிக்கும் அரசிறைப் பெருக்கத்துக்கும் தோட்ட வருமானம் துணைநின்றது. ஆயின் இலாபத்தின் பெரும்பகுதி பிரித்தானியக் கம்பனிகளுக்கே சென்றது. தொழிலாளியை அழைத்துவரும் செலவோ, கங்காணியின் முற்பணமாக அவன் தலையிலேயே கடனாக ஏறியது. அக்கடனோடு அவனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய துண்டு முறை 1921 வரை ஒழிக்கப்படவில்லை.

குடியேறியோரால் கண்டிக் கிராமத்தவர் நிலமிழந்தனர் என்பது இவர்கள்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டாகும். நிலமிழப்பு உண்மையே, காரணம் வேறு. உரித்தை நிறுவ இயலாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியனவாக்கி, அவற்றைத் தோட்டக்காரருக்கு விற்க வழிசெய்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே. அந்நிலத்தில் ஓரடியேனும் தொழிலாளிக்கு உரிமையாகவில்லை. குடிவரவின் விளைவையும் நிலக்கொள்கையின் விளைவையும் ஒன்றாகக் கொள்ளுதல் வரலாற்று நோக்கிற்குப் பொருந்தாது.

எனினும், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அதன் பின்னும் நாடற்றோராய் இங்கு எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. ஆகவே, குடிவரவின் பயனை அளவிடுவோர் நாட்டின் வருமானத்தை மட்டும் கணித்தல் போதாது. அவ்வருமானத்தை ஈட்டியோர் பெற்றதென்ன என்பதையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.