பண்ணவாடி

பண்ணவாடி, சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்தில், மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டி மேற்குக் கரையில் இருக்கும் சிற்றூர். இங்குள்ள பரிசல்துறையும், தண்ணீர் வடியும்போது தலைகாட்டும் நந்தியும், மூழ்கிய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் இதைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ஊராக்கின. கடைக்கும் பள்ளிக்கும் பேருந்துக்கும் பண்ணவாடிக்காரர்கள் பக்கத்திலிருக்கும் கொளத்தூர் பேரூராட்சிக்குத்தான் போகிறார்கள். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்ல முடியாது என்பதால் இங்கே இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

இந்தக் கரையில் பயிர்வைப்பு, மீன்பிடிப்பு, படகுப் போக்குவரத்து எல்லாமே ஓர் எண்ணைப் பார்த்து நடக்கின்றன. அணையின் நீர்மட்டம்தான் அந்த எண். டேம் இன்றைக்கு எத்தனை அடி என்பது டீக்கடையில் தினமும் எழும் கேள்வி. அடி ஏறினால் ஒரு பிழைப்பு, இறங்கினால் இன்னொரு பிழைப்பு.

அமைவிடம்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக வடக்கே போகும் மைசூர் சாலையில் இந்தக் கரை தொடங்குகிறது. சாலைக்கு மேற்கே பாலமலை. அதன் உச்சியில் சித்தேஸ்வரர் கோயில் இருக்கிறது. அடிவாரத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் அவர் மலைச்சாமி. கிழக்கே நீர்ப்பரப்பு. அதைத் தாண்டினால் தருமபுரி மாவட்டத்து நாகமரை. வடக்கே கோவிந்தபாடியைக் கடந்து போனால் பாலாறு, அதுவே கர்நாடக எல்லை. வேலூர்ப் பக்கத்துப் பாலாற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது மாதேஸ்வரன் மலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து காவிரியில் சேரும் சிற்றாறு. அமாவாசைக்கும் சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் சேலம் பக்கத்து மக்கள் மாதேஸ்வரன் மலைக்குப் போவது இந்தச் சாலையில்தான். அந்த நாட்களில் கொளத்தூர்க் கடைத்தெருவுக்குத் தூக்கம் கிடையாது.

அணை வருவதற்கு முன்பே இது வழித்தடம்தான். மைசூர் மேட்டு நிலத்திலிருந்து கொங்கு நாட்டுக்கு இறங்கும் காவேரிபுரம் கணவாய் இந்தப் பக்கத்தில் இருந்தது. ஐதர் அலியின் காலத்துப் போர்களில் காவேரிபுரம் கோட்டையின் பெயர் அடிபடுகிறது. வியாபாரிகளும் படைகளும் பக்தர்களும் நடந்த பாதையில் காவிரிக்கரை ஊர்கள் கோயிலும் ஆலயமுமாக இருந்தன. ஆற்றின் கரையாக இருந்தபோது கிடைத்த வளம், ஏரியின் கரையான பிறகு திரும்பவில்லை.

அணையும் இடப்பெயர்வும்

காவிரி நீர் குறித்து மைசூரும் சென்னை மாகாணமும் 1924 பிப்ரவரியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதையடுத்து 1925-இல் மேட்டூரில் அணை கட்டும் வேலை தொடங்கியது. ஒன்பது ஆண்டு உழைப்புக்குப் பின் 1934 ஆகஸ்ட் 21-இல் அணை திறக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்கு இடப்பட்டது. அணையின் நீளம் 5,300 அடி, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. நிரம்பி நின்றால் நீர்ப்பரப்பு 59 சதுர மைல். அந்தப் பரப்புக்குள் இருந்த வயல், தோப்பு, கிணறு, வீடு, கோயில், சுடுகாடு எல்லாம் தண்ணீருக்குள் போயின.

கட்டுமானத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. வீட்டுச் சாமியையும் விதைத் தானியத்தையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்குக் கரையோர ஊர்களில் இருப்பவர்களில் பலர். ஆற்றங்கரையில் நஞ்சை வைத்திருந்த குடும்பங்கள் மேட்டுக்கு வந்து மானாவாரிக்காரர்கள் ஆனார்கள்.

நந்தியும் கோபுரமும்

மூழ்கியவற்றில் இரண்டு முழுதாக மறையவில்லை. ஒன்று பழைய பண்ணவாடி ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி. மூலவரை மேட்டுக்கு எடுத்துப் போனார்கள். நந்தி அப்படித் தூக்கிப் போகும் அளவில் இல்லை, அங்கேயே தங்கிவிட்டது. மற்றொன்று இரட்டைக் கோபுரக் கிறித்தவ ஆலயம்.

அணையின் நீர்மட்டம் 80 அடிக்குக் கீழே வரும்போது ஆலயக் கோபுரத்தின் உச்சி நீருக்கு மேலே தெரியத் தொடங்கும். 70 அடியை ஒட்டி நந்தியின் தலை எழும்பும். இன்னும் இறங்கினால் கழுத்து, திமில், முதுகு என ஒவ்வொன்றாக வெளிப்படும். பிறகு பீடமும் சுற்றியிருக்கும் கல்லும் சேறும். எந்த நிலையிலும் மட்டத்தை அளக்கும் கருவி அணையில் இருக்கிறது. ஆனால் கரைக்காரர்கள் அளக்கும் கருவி இந்த இரண்டுந்தான். கோபுரம் தெரிந்துவிட்டது என்றால் கோடை என்று பொருள். நந்தி முழுசாக வெளியே வந்துவிட்டது என்றால் காவிரி டெல்டாவுக்கு இந்த வருஷம் வழக்கம்போல ஜூன் 12-இல் தண்ணீர் கிடைக்குமா என்ற கவலை தஞ்சாவூரில் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நந்தியைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தூரத்துப் படங்களில் கம்பீரமாகத் தெரிவது, பக்கத்தில் வேறு மாதிரி இருக்கும். மேலே காய்ந்த வண்டல் தோலாக உரியும். மடிப்புகளில் நத்தை ஓடும் சிப்பியும் ஒட்டியிருக்கும். ஆண்டுக்கணக்கில் அலை தேய்த்த இடங்களில் காரை உதிர்ந்து உள்ளே இருப்பது தெரியும். கொம்புக்குப் பக்கத்தில் அறுந்த வலையின் நைலான் நூல் சிக்கியிருக்கும். அந்த நிலையிலும் யாரோ ஒருவர் வந்து மஞ்சளும் குங்குமமும் வைத்து, ஒரு முழம் பூ சாத்திவிட்டுப் போயிருப்பார். நீருக்குள் இருக்கும் பெரும்பகுதி நாட்களில் மீனும் நண்டும் வலம் வரும் சாமிக்கு, வெளியே வரும் சில வாரங்களில் மனிதர்களின் பூசை கிடைக்கிறது.

இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு வேகமானது என்பதற்கு அண்மை உதாரணம் ஒன்று. 2023 அக்டோபரில் அணையில் ஏறக்குறைய 30 அடி தண்ணீர்தான் இருந்தது. அடுத்த ஆண்டு ஜூலை நடுவிலும் 50 அடிக்குக் குறைவு. நந்தியும் கோபுரமும் வெளியில் நின்றன. கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பித் தண்ணீர் ஓடி வந்தது. ஜூலை 30-இல் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. இரண்டு வாரத்துக்குள் எல்லாம் மீண்டும் நீருக்கடியில்.

மீனும் பரிசலும்

நீர்த்தேக்கத்தில் மீன் பிடிப்பவர்கள் மீன்வளத்துறையின் உரிமம் பெற்றவர்கள். கரையோரத்தில் கீற்றுக் குடிசையும் தார்ப்பாய்க் கூடாரமும் போட்டு, நீர் போகும் பக்கம் கூடாரத்தையும் நகர்த்துகிறார்கள். மூங்கில் பின்னிய பரிசலின் அடிப்பகுதிக்கு முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாள் ஒட்டித் தார் பூசுகிறார்கள், ஃபைபர் பரிசலும் வந்துவிட்டது. சாயங்காலம் வலை விட்டு விடியலில் எடுப்பது வழக்கம். பரிசலில் இருவர் போவார்கள், பெரும்பாலும் புருஷனும் பெண்சாதியும். ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் வலையைக் கை கையாக இழுப்பார். கரையில் மீனைத் தரம் பிரிப்பதில் பெண்களின் கை வேகம் தனி.

வலையில் ஏறுவது கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, கெளுத்தி, வாளை, அரஞ்சான். இவற்றில் முதல் மூன்றும் வடக்கத்திய ஆற்று மீன்கள். குஞ்சுகளாகக் கொண்டுவந்து விடப்பட்டவை. காவிரியின் நாட்டுக் கெண்டைகள் அணை எழும்பிய முதல் சில பத்தாண்டுகளில் நிறையக் கிடைத்தன. முட்டையிட ஆற்றில் ஏறிப் போகும் மீனுக்குக் குறுக்கே சுவர் நின்றால் என்ன ஆகும் என்பதை அவை குறைந்துபோனதே காட்டியது. ஊரார் இடம்பெயர்ந்தது பதிவேட்டில் இருக்கிறது, மீனுக்கு அதுவும் இல்லை.

தண்ணீர் வடியும் மாதங்களில் இன்னொரு தொல்லை வருகிறது. ஒதுங்கிய நீரில் பாசி படர்ந்து பச்சைப் பாயாகத் தடிக்கிறது, வெயிலில் அழுகி நாறுகிறது. பண்ணவாடி, கோட்டையூர்ப் பக்கம் குடித்தனம் நடத்துபவர்கள் சன்னலை மூடிவைத்துக்கொண்டு இருந்த ஆண்டுகள் உண்டு. நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து நாற்றத்தைத் தணிக்கிறார்கள். மேலே நகரங்கள் ஆற்றில் விடுவதும், கழுவி வரும் உரமும் தேங்கும் இடம் இதுதான் என்பதால், தெளிப்பதோடு இது முடியாது.

அக்கரை

பண்ணவாடித் துறையிலிருந்து நாகமரைக்கு விசைப்படகு போகிறது. சாலை வழியே போனால் அணையைச் சுற்றிப் பல பத்துக் கிலோமீட்டர். படகில் கொஞ்ச நேரம். காய்கறி மூட்டை, பால் கேன், ஆடு, இருசக்கர வண்டி, பள்ளிக்கூடப் பை எல்லாம் ஒரே பலகையில் ஏறும். இரண்டு கரைக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு. பெண் கொடுத்த ஊருக்குப் படகேறிப் போகும் அம்மாக்களைத் துறையில் எந்நாளும் பார்க்கலாம். மாவட்டம் வேறு, நாடாளுமன்றத் தொகுதி ஒன்று: கொளத்தூர் இருக்கும் மேட்டூரும் நாகமரை இருக்கும் பென்னாகரமும் தருமபுரித் தொகுதிக்குள் வருகின்றன.

தண்ணீர் இறங்க இறங்கத் துறையும் இறங்கும். வெடித்த வண்டலில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நடந்து போய்ப் படகேற வேண்டும். கர்ப்பிணியையும் நோயாளியையும் கூட்டிப் போகிறவர்களுக்கு அந்த நடை மிக நீளம். பாலம் வேண்டும் என்று இரு கரை ஊர்களும் கேட்டுவருவதை இந்த நடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லைப்புறத்தின் நினைவுகள்

1980-களின் நடுவில் கொளத்தூர் அருகே கும்பாரப்பட்டியில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது. அந்த இடத்தைப் புலியூர் என்றே சொல்கிறார்கள். பெரியாரிய இயக்கத் தலைவர் கொளத்தூர் மணி இந்த ஊர்க்காரர். சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் தேடப்பட்ட ஆண்டுகளில் இருமாநில அதிரடிப்படைகளும் இந்தச் சாலையில் முகாமிட்டன. 1993 ஏப்ரல் 9-இல் பாலாற்றுக்கு அருகே வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தனர். 2004 அக்டோபரில் வீரப்பன் புதைக்கப்பட்டது மேட்டூர்ப் பக்கத்து மூலக்காட்டில். வெளியூர்ப் பத்திரிகைகள் இந்தப் பகுதியை இவற்றை வைத்தே அறிந்திருக்கின்றன. விறகுக்கும் மாடு மேய்க்கவும் காட்டுக்குப் போனவர்கள் இரண்டு பக்கத்துக்கும் பயந்து வாழ்ந்த ஆண்டுகள் அவை. அந்தப் பயத்தைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

தண்ணீர் யாருக்கு

மேட்டூர் அணையை நம்பி 16 லட்சம் ஏக்கர் என்பது டெல்டாக் கணக்கு. வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் போகிறது. அணைக்குக் கீழே கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. இவை எல்லாம் அணைக்குக் கீழே. மேலே, கரையிலேயே உட்கார்ந்திருக்கும் கொளத்தூர்ப் பக்கம் மழையை நம்பிக் கடலைக்காயும் ராகியும் சோளமும் போடுகிறது. கிணறு இருப்பவர்கள் பருத்தியும் மஞ்சளும் வைப்பார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர், காலடியில் காய்ந்த காடு.

எதிர்க்கரையில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. அணை நிரம்பி வழியும்போது உபரி நீரைத் திப்பம்பட்டியிலிருந்து நீரேற்றி, மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி வட்டங்களின் 100 ஏரிகளை நிரப்பும் திட்டத்துக்கு 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு 565 கோடி ரூபாய். டெல்டாவின் பங்கைத் தொடாமல், கடலுக்குப் போகும் தண்ணீரில் ஒரு கையளவைக் கேட்கும் திட்டம் அது. நிலத்தைக் கொடுத்தவர்களின் பிள்ளைகள் அந்த அளவுக்குக் கேட்பதை நியாயமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஏரிக்குள் வெள்ளாமை

கரைக்காரர்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்ட வழி ஒன்றும் இருக்கிறது. தண்ணீர் பின்வாங்கினால் வெளிப்படும் வண்டல், உரம் கேட்காத மண். நீர் போகப் போக அதன் பின்னாலேயே ஏர் போகும். ஈரம் காய்வதற்குள் ராகி, கம்பு, சோளம், எள், கடலைக்காய் விதைப்பார்கள். பரிசலை மேட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு மீன்காரர்களும் விதைப்பதுண்டு. வெள்ளரியும் தர்பூசணியும் போட்டவர்கள் நந்தி பார்க்க வருபவர்களுக்குத் துறையிலேயே கூறு போட்டு விற்பார்கள். பழைய ஊரின் வீட்டு மேடும் வயல் வரப்பும் இருந்த இடங்கள் சில மாதங்களுக்குத் திரும்பவும் கழனி ஆகின்றன. பட்டா கிடையாது, மூழ்கினால் நட்டஈடும் கிடையாது. ஆனாலும் இது தாத்தா உழுத இடம் என்று சொல்லித்தான் ஏரைப் பூட்டுகிறார்கள்.

பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் குடகில் மழை தொடங்கும். கர்நாடகத்திலிருந்து வரும் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி என்று செய்தி வந்ததும், ராத்திரியோடு ராத்திரியாக வேலை நடக்கும். முற்றிய கதிரைக் கொய்து தலைச்சுமையாக மேட்டுக்கு ஏற்றுவார்கள், முற்றாததை மாட்டுக்கு அறுப்பார்கள். மறுநாள் காலையில் கடைசி வரப்பில் தண்ணீர் நிற்கும். கவிழ்த்து வைத்த பரிசலைத் திருப்பி, ஓட்டை அடைத்துத் தார் பூசி, வலையை எடுத்துப் போடுவார்கள்.