கழுதைக்காவது கேட்க ஆள் உண்டு: ஓர் உரையும் ஒரு கட்டுரையும்

ஐரனி என்றால் என்ன? ஆங்கிலத் தேர்வில் இது சின்னக் கேள்வி. சொல்வது ஒன்று, பொருள் வேறு என்று எழுதினால் மதிப்பெண் விழுந்துவிடும். சிமிலி, மெட்டஃபர், பெர்சானிஃபிகேஷன் என்று நாம் மனப்பாடம் செய்த பட்டியலில் அதுவும் ஒன்று. கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. கைடில் இருப்பதை அப்படியே இறக்கினால் போதும். இந்த அணிகளும் இந்தக் கட்டுரை வடிவமும் நம்மைப் போன்றவர்கள் கையில் சிக்கியபோது என்ன நடந்தது என்பதை மட்டும் எந்த வகுப்பிலும் நமக்குச் சொல்லவில்லை.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஓர் அடிமைச் சிறுவன் இருந்தான். எஜமானி அவனுக்கு எழுத்துகளைக் கற்றுத்தரத் தொடங்கினார். கணவர் தடுத்து நிறுத்தினார். படித்தால் அடிமை அடிமையாக இருக்கமாட்டான் என்பது அவருடைய வாதம். அந்த வாதம் சரிதான் என்று சிறுவனுக்கும் புரிந்தது, எனவே படித்தே தீருவது என்று முடிவு செய்தான். தெருவில் விளையாடும் வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து அவர்களிடம் பாடம் கேட்டான். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுச் சேர்த்த 50 சென்டில் ஒரு புத்தகம் வாங்கினான். 'கொலம்பியன் ஆரேட்டர்' என்ற அந்தப் பள்ளிப் பாடநூல் 1797இல் வந்தது. மாணவர்கள் மேடையில் பேசிப் பழகுவதற்கான உரைகளும் உரையாடல்களும் கொண்டது. அதில் ஓர் எஜமானுக்கும், ஓடிப்போய்ப் பிடிபட்ட அடிமைக்கும் நடக்கும் வாக்குவாதம் இருந்தது. எஜமான் வைக்கும் ஒவ்வொரு நியாயத்தையும் அடிமை உடைக்கிறான். கடைசியில் எஜமானே அவனை விடுதலை செய்கிறான். அடிமைகளை வைத்திருந்த நாட்டிலேயே அச்சான பள்ளிக்கூடப் புத்தகம் இது!

அந்தச் சிறுவன்தான் ஃபிரெடரிக் டக்ளஸ். 1838இல் தப்பினார், 1841இலிருந்து அடிமை ஒழிப்பு மேடைகளில் பேசினார். அவர் பேசிய அழகைக் கேட்டு, இவர் அடிமையாக இருந்தவரே இல்லை என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். நம் பிள்ளைகள் நன்றாக எழுதினால் "யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்கிறார்களே, அதே கேள்விதான். டக்ளஸ் 1845இல் எஜமானர்களின் பெயர், ஊர் எல்லாவற்றையும் போட்டுத் தன் வரலாற்றை எழுதிப் பதில் சொன்னார். பிடிபடும் ஆபத்து இருந்ததால் அதன்பிறகு சில காலம் கடல் கடந்து போய் இருக்க வேண்டியதாயிற்று.

1852இல் ரோச்செஸ்டர் நகரில் சுதந்திர நாள் உரை ஆற்ற அவரை அழைத்தார்கள். ஜூலை 4 அன்று அல்ல, 5 அன்று பேசினார். அமெரிக்கப் பள்ளிகளில் ஐரனிக்கு எடுத்துக்காட்டாக இன்று பாடம் நடத்தும் உரை அது. முதலில் 1776இன் தலைவர்களை மனமாரப் புகழ்கிறார். ஆனால் பேச்சு முழுக்க உங்கள் முன்னோர், உங்கள் விடுதலை என்றே வருகிறது. 'நமது' என்ற சொல் வரவேண்டிய இடத்தில் 'உங்கள்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த ஒரு பிரதிப்பெயரில் கூட்டத்துக்கு நடுவே கோடு விழுந்துவிடுகிறது.

பிறகு, அடிமையும் மனிதன்தான் என்று நான் நிரூபிக்க வேண்டுமா என்று கேட்கிறார். வர்ஜீனியாவின் சட்டத்தில் கறுப்பருக்கு மரண தண்டனை தரும் குற்றங்கள் 72, வெள்ளையருக்கு 2 மட்டுமே. மனிதன் இல்லையென்றால் தண்டனை எதற்கு? அடிமைக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரக் கூடாது என்று தென் மாநிலங்கள் சட்டம் போட்டிருந்தன. வயலில் மேயும் மாட்டைப் பற்றி அப்படி யாராவது சட்டம் போடுவார்களா? எதிரியின் சட்டப் புத்தகத்தையே தன் சாட்சியாக்கிக்கொள்கிறார்.

இனி புனேக்கு வருவோம். ஜோதிராவ் புலே, சாவித்திரிபாய் நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதி மாணவி முக்தா சால்வே. 14 வயது. மாங்குகள், மஹார்களின் துயரம் பற்றி அவர் மராத்தியில் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதய' இதழில் வெளிவந்தது. மாணவி ஒருவரின் பள்ளிக் கட்டுரை! தலித் பெண் எழுத்தின் வரலாற்றை இங்கிருந்தே தொடங்குகிறோம்.

வேதம் தங்களுக்கு மட்டுமே உரியது என்கிறார்கள் பிராமணர்கள். முக்தா அதை மறுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் எங்களுக்கு வேத நூல் இல்லை. நூல் இல்லாத எங்களுக்கு மதம் எது என்று கடவுளிடமே கேட்கிறார். எதிராளியின் வாதத்தை எடுத்து, அது போய் முட்டும் இடம்வரை நடத்திக் காட்டுகிறார். வாதநூல் படித்த பெரியவர்கள் பக்கம் பக்கமாகச் செய்வதை இந்தப் பெண் சில வரிகளில் முடித்துவிடுகிறார்.

அடுத்து பேஷ்வா பாஜிராவ் ஆட்சியை எடுக்கிறார். அப்போது நாங்கள் கழுதையைவிடக் கீழாக இருந்தோம் என்று சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. நொண்டிக் கழுதையை அடித்தால்கூட அதன் சொந்தக்காரன் சண்டைக்கு வருவான், மாங்கையும் மஹாரையும் அடித்தால் கேட்க யார் இருந்தார்கள் என்கிறார். டக்ளஸின் மாடும் முக்தாவின் கழுதையும் செய்வது ஒரே வேலை. விலங்கை ஒப்பிட்டு இரக்கம் தேடுவது எளிது, எல்லோரும் செய்வது. இவர்கள் இருவரும் விலங்கை நிறுத்தி மனிதர்களின் சட்டத்தையும் வழக்கத்தையும் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்.

கட்டுரைக்கு ஆதாரம் வேண்டும் என்று வகுப்பில் சொல்வார்கள். முக்தாவின் ஆதாரம், கூரையில்லாத இடத்தில் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெற்ற பெண்கள். உங்கள் சொந்த அனுபவத்தை வைத்து இதை யோசித்துப் பாருங்கள் என்று வாசிப்பவரிடம் சொல்கிறார். தன் மக்களிடம் பேசும்போது குரல் மாறுகிறது. உங்கள் நோய்க்கு அறிவுதான் மருந்து என்கிறார். கடவுள், வாசகர், சொந்தச் சாதி என்று யாரிடம் பேசுகிறோம் என்பதை இவ்வளவு தெளிவாக மாற்றிக்கொண்டே போகும் கட்டுரையை எந்தக் கைடிலும் நாங்கள் பார்த்ததில்லை.

புலே 1873இல் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். மராத்தி நூலுக்கு ஆங்கிலத்தில் முன்னுரை எழுதினார். யார் காதில் விழ வேண்டுமோ அவர்கள் மொழியில் எழுதும் கணக்கு அது. 1882இல் ஹன்டர் கல்விக்குழுவுக்குக் கொடுத்த மனுவும் ஆங்கிலம்தான். உழவர்களின் வரிப்பணம் மேல்சாதியாரின் உயர்கல்விக்குப் போகிறது என்று அதில் வாதிட்டார்.

முக்தா எழுதியதாக நமக்குக் கிடைத்திருப்பது அந்த ஒரு கட்டுரை மட்டுமே. சூசி தாரு, கே. லலிதா தொகுத்து 1991இல் வந்த இந்தியப் பெண் எழுத்துத் தொகுப்பின் முதல் தொகுதியில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். எடுத்ததும் அந்தக் கழுதை வரும் இடத்தை உரக்கப் படியுங்கள்.