ஒரே ஒரு பட்டன்... அதுக்கு இவ்வளவு செலவா? ஆப், சாஃப்ட்வேர் விலை எகிறுவது ஏன்?

செல்போன் திரையில் ஒரு பட்டனைத் தொடுகிறீர்கள். பணம் போய்விடுகிறது, டிக்கெட் வந்துவிடுகிறது. இவ்வளவு ஈஸியான விஷயத்துக்கு ஆப் செய்து தரச் சொன்னால் மட்டும் ஏன் பெரிய தொகை கேட்கிறார்கள்? சொந்தமாகக் கடை, தொழில் நடத்தும் பலருக்கும் இருக்கும் சந்தேகம் இது. செலவு முழுவதும் உள்ளே நடக்கும் கணக்கில் இல்லை; அதில் பெரிய பங்கு நம் கண்ணுக்குத் தெரியும் திரைக்குப் போகிறது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

படம் காட்டும் கம்ப்யூட்டர் வந்த கதை

ஆரம்ப காலத்தில் கம்ப்யூட்டரிடம் வேலை வாங்க, கட்டளைகளை டைப் செய்ய வேண்டும். ஜன்னல், ஐகான், மவுஸ் என்று படம் பார்த்து இயக்கும் முறையை, 1973-ல் உருவான 'ஆல்டோ' கம்ப்யூட்டரில் படிப்படியாக வளர்த்துக் காட்டியது அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையம். 1981-ல் விற்பனைக்கு வந்த ஜெராக்ஸ் ஸ்டாரின் விலை 16,595 டாலர். 1983-ல் வந்த ஆப்பிள் லிசா 9,995 டாலர். 1984-ல் வந்த மேகின்டாஷ் 2,495 டாலர்.

மெஷின் விலை மளமளவென இறங்கியது. ஆனால் அதற்கு சாஃப்ட்வேர் எழுதும் வேலை மட்டும் கூடிக்கொண்டே போனது.

கன்ட்ரோல் யார் கையில்?

முக்கியக் காரணம் இதுதான். பழைய முறையில் கன்ட்ரோல் சாஃப்ட்வேர் கையில் இருந்தது. 'பெயர் என்ன?' என்று கேட்கும், காத்திருக்கும். 'தொகை எவ்வளவு?' என்று கேட்கும், மறுபடி காத்திருக்கும். வரிசை மாறாது.

படத் திரையில் கன்ட்ரோல் நம் கைக்கு வந்துவிட்டது. எதை முதலில் தொடுவோம், எப்போது பாதியில் விட்டுவிட்டுப் போவோம் என்று யாருக்கும் தெரியாது. பணம் அனுப்பும் ஒரு சாதாரண திரையையே எடுத்துக்கொள்ளுங்கள்:

• தொகை போடாமல் பட்டனை அழுத்தினால்?
• அவசரத்தில் ரெண்டு முறை தட்டினால்?
• நடுவில் நெட் கட் ஆனால்?
• போன் கால் வந்துவிட்டால்?
• பார்வையற்றவர் ஸ்கிரீன் ரீடர் மூலம் பயன்படுத்தினால்?

ஒவ்வொரு கேள்விக்கும் முன்கூட்டியே பதில் எழுதி வைக்க வேண்டும். பட்டனை வரைய ஐந்து நிமிடம் போதும். அதைச் சுற்றி என்னென்ன நடக்கலாம் என்று யோசித்து எழுதத்தான் வாரக்கணக்கில் ஆகிறது.

பாதி கோட் திரைக்கே!

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1992-ல் ஆய்வாளர்கள் பிராட் மையர்ஸ், மேரி பெத் ராசன் வெளியிட்ட சர்வேயில், ஒரு சாஃப்ட்வேரின் கோடில் சராசரியாக 48 சதவீதம் பயனர் திரைக்காகவே எழுதப்படுவது தெரியவந்தது. கோட் எழுதும் நேரத்திலும் சுமார் பாதி இதற்கே போனது.

டெஸ்டிங்கும் லேசானது அல்ல. எழுத்தாக வரும் விடை சரியா என்று கம்ப்யூட்டரே ஒப்பிட்டுச் சொல்லிவிடும். திரை சரியாக இருக்கிறதா என்று சொல்ல கடைசியில் மனிதக் கண்ணும் வேண்டும். அதுவும் சின்ன போன், பெரிய போன், டேப்லெட் என்று தனித்தனியாக.

மொழி மாறினால் வேலையும் கூடும். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடியும் 'சேவ்' பட்டன், தமிழில் 'சேமிக்கவும்' என நீளும், பட்டனுக்குள் அடங்காது. 'கொ' என்று டைப் செய்தால் 'க'வின் இரண்டு பக்கமும் குறி வர வேண்டும். இதையெல்லாம் கவனிக்காத ஆப்பில்தான் எழுத்து உடைந்து தெரிகிறது.

வேலையை எளிதாக்க கருவிகள் இல்லையா?

இருக்கின்றன. 1991-ல் வந்த விஷுவல் பேசிக், பட்டனை இழுத்து வைத்தாலே போதும் என்ற நிலையைக் கொண்டுவந்தது. 2015-ல் வெளியான ரியாக்ட் நேட்டிவ் மூலம், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே கோடில் வேலையை முடிக்கலாம். வரையும் செலவு குறைந்தது உண்மை. ஆனால் பயனர் என்ன செய்வார் என்று யோசிக்கும் செலவு குறையவில்லை.

மிச்சம் பிடித்தால் என்ன ஆகும்?

2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிட்டி பேங்க், ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அசல் தொகை வெளியே போகாமல் இருக்க, திரையில் மூன்று கட்டங்களில் டிக் செய்ய வேண்டும். ஊழியர்கள் ஒன்றில் மட்டும் டிக் செய்தனர். மூன்று பேர் சரிபார்த்தும் யாருக்கும் தப்பு தெரியவில்லை. போனது கிட்டத்தட்ட 90 கோடி டாலர்! அதில் சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர சிலர் மறுக்க, வழக்கு கோர்ட்டுக்குப் போனது. 2021-ல் முதல் தீர்ப்பு வங்கிக்கு எதிராகவே வந்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் வங்கி ஜெயித்தது.

அங்கே கணக்கில் பிழை இல்லை. எந்தக் கட்டம் எதற்கு என்று திரை தெளிவாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆப் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ரேட் பேசும்போது எத்தனை திரை என்று மட்டும் கேட்காதீர்கள். 'நெட் போனால் என்ன ஆகும்? ரெண்டு முறை தட்டினால் என்ன ஆகும்? எந்தெந்த போனில் டெஸ்ட் செய்வீர்கள்?' என்றும் கேளுங்கள். ரேட்டைக் குறைப்பதற்காக இந்த வேலையை விட்டுவிட்டால், அந்தச் செலவு மறைந்துவிடாது. ஆப்பைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர் தலையில்தான் போய் விழும்.