கூரையின் கீழ் வந்த தெருச்சுவை

சிங்கப்பூரில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால், அவ்வூர்க்காரர் முதலில் கைகாட்டுவது உணவங்காடிகளைத்தான். அவற்றில் பெரும்பாலானவை அரசு திட்டமிட்டுக் கட்டியவை. சுவையோ அதற்கு முன்பே தெருவில் பிறந்துவிட்டது.

ஆர்ச்சர்ட் சாலையில் பகலில் கார்கள் நின்ற திடலுக்குப் பொழுது சாய்ந்ததும் தள்ளுவண்டிகள் வந்து சேரும். 'கிளட்டன்ஸ் ஸ்குவேர்' என்று பெயர். பெருந்தீனியர் சதுக்கம் எனலாம். 1978இல் அது மூடப்பட்டது.

மீ கோரெங்கைப் பாருங்கள். 'மீ' ஹொக்கியன் சொல்; 'கோரெங்' மலாய். வாணலியைப் பிடித்ததோ பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்களின் கை. சீனரின் மஞ்சள் நூடுல்ஸில் நம்மவர் மிளகாய் விழுதைச் சேர்த்தார்கள். வண்டிகள் அருகருகே நின்ற தெருவில்தான் இத்தகைய கலப்பு கைகூடும். (மொழிக்கலப்பைக் கண்டு முகஞ்சுளிக்கும் நம் புலவர்கள் இதை ஒரு தட்டு உண்டு பார்க்கலாம்.) மீன்தலைக் கறியும் அவ்வாறே: 1949 அளவில் எம்.ஜே. கோமஸ் என்னும் மலையாளி, சீன வாடிக்கையாளர் விரும்பிய மீன்தலையைத் தம் ஊர்க் குழம்பில் இட்டார்.

1971 முதல் 1986 வரை அரசு தெருவியாபாரிகளைக் கூரையின் கீழ்க் குடியமர்த்தியது. காரணம் நியாயமானதே. பழைய சுவை போயிற்று என்று அங்கலாய்ப்போர், ஒரே வாளித் தண்ணீரில் அத்தனை தட்டுகளும் கழுவப்பட்டதை மறந்துவிடுகிறார்கள். ஆயினும், இடம் தேடி நகர்ந்த வண்டிக்கு இருந்த துணிச்சல், எண்ணிட்ட கடைக்கு எளிதில் வருவதில்லை.

2020இல் யுனெஸ்கோ இம்மரபைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அப்போது அடுப்படியில் நின்றவர்களில் பாதிப்பேர் அறுபதை ஒட்டியோ கடந்தோ இருந்தார்கள்.