உருளும் பட்டியலில் நினைவகக் கிராஷ்

செல்பேசிச் செயலியின் நீண்ட பட்டியலை விரலால் தள்ளும்போது, நினைவகத்தைக் கையாண்டதில் உள்ள பிழையால் செயலி திடீரென மூடிக்கொள்வது நினைவகக் கிராஷ். முதல் திரை ஒழுங்காகத் தெரியும். நாலைந்து வரிசை நகர்ந்ததும் செயலி காணாமல் போகும். கிராஷ் ஆகும் வரி ஓரிடத்திலும் தவறு செய்த வரி வேறிடத்திலும் இருப்பதால்தான் இதைப் பிடிப்பது கடினம்.

செல்களின் மறுபயன்பாடு

பட்டியலில் ஆயிரம் வரிசை இருந்தாலும் திரையை நிரப்பப் பத்துப் பதினைந்து செல்கள் (ஒரு வரிசையைக் காட்டும் பெட்டிகள்) போதும். மேலே மறைந்த செல்லில் புதிய தகவலை நிரப்பிக் கீழே செருகுவார்கள். ஐபோனின் யூஐடேபிள்வியூ, ஆண்ட்ராய்டில் 2014இல் வந்த ரீசைக்ளர்வியூ இரண்டும் இந்த முறையில் இயங்குகின்றன. ஒவ்வொரு புது வரிசைக்கும் தரவை மறுபடி கேட்டாக வேண்டும்; அதற்குள் தரவு அழிந்திருந்தால் கிராஷ்தான்.

விடுவித்த பொருளைத் தொடுதல்

2011இல் ஐஓஎஸ் 5 உடன் தானியங்கி ஏஆர்சி வரும்வரை, பொருளைப் பிடித்துவைக்கும் ரீடெயின், விட்டுவிடும் ரிலீஸ் ஆகியவற்றின் கணக்கை ஐபோன் நிரலரே எழுதிவந்தார். அக்காலத்தின் வழக்கமான பிழை இது: திரை ஏற்றப்படும்போது ‘அரேவித்ஆப்ஜெக்ட்ஸ்’ மூலம் பெற்ற பட்டியலை ரீடெயின் செய்யாமல் வைத்துக்கொள்வது. முதல் வரிசைகள் வரையப்படும்வரை அது உயிரோடு இருக்கும். பிறகு விடுவிக்க வேண்டிய பொருள்களை வைத்திருக்கும் ஆட்டோரிலீஸ் பூல் காலியானதும் அழிந்துவிடும். அடுத்து பட்டியலைத் தள்ளினால் ‘பேட் ஆக்சஸ்’ பிழைதான்.

இதைப் பிடிக்க, ஐபோன் நிரல் எழுதும் கருவியான எக்ஸ்கோடில் ‘ஸாம்பி’ வசதி உண்டு. அதை இயக்கினால், விடுவித்த பொருள்கள் உண்மையில் அழிக்கப்படாமல் காவலுக்கு நிற்கும். எதையாவது தொட்டால், அது எந்த வகைப் பொருள் என்று கன்சோலில் பதிவாகும். அந்த வகையைக் கொண்டு, ரீடெயின் விடுபட்ட வரியைத் தேடலாம்.

படங்களின் சுமை

இன்னொரு வகை, நினைவகம் தீர்ந்துபோவது. பள்ளங்கி என்ற ஊரின் மலைப்பூண்டு வயலை 4000×3000 புள்ளியில் எடுத்த படம், கோப்பாகச் சில எம்பிதான். திரையில் காட்ட விரிக்கும்போது, புள்ளிக்கு 4 பைட் வீதம் 4.8 கோடி பைட் ஆகிறது. வரிசைக்கு ஒன்றாக இப்படிப் படம் வைத்தால், 2 ஜிபி ரேம் கொண்ட ஜியோபோன் நெக்ஸ்ட் போன்ற செல்பேசிகள் திணறும். ஆண்ட்ராய்டில் படத்தைச் சுருக்கி விரிக்கச் சொல்லும் ‘இன்சாம்பிள்சைஸ்’ மதிப்பை 8 என்று வைத்தால் படம் 500×375 அளவுக்குச் சுருங்கி, 7.5 லட்சம் பைட்டில் முடியும்.

எழுத்தால் வந்த கிராஷ்

சில சமயம் செயலியின் நிரலில் குற்றமே இராது. 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்த செய்தியைக் காட்ட முயன்ற ஐபோன் செயலிகள் கிராஷ் ஆயின. உரையாடல் பட்டியலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதே செய்தி வரையப்பட்டதால், செயலியை மறுபடி தொடங்கியும் பயனில்லை. எழுத்துகளை வரையும் கோர்டெக்ஸ்ட் பகுதியில் நினைவகம் சிதைந்ததே காரணம். ஐஓஎஸ் 11.2.6 அதைச் சரிசெய்தது.