முத்தும் புற்றும்: மன்னார்க் கடல் எழுப்பிய ஒரு வினா

மழைத்துளி சிப்பியுட் புகுந்து முத்தாகும் என்பது பண்டையோர் நம்பிக்கை. அதனை அகற்றி, முத்தின் பிறப்பை உயிரியல் நோக்கில் ஆராய்வதற்குக் களமாய் அமைந்தவற்றுள் மன்னார்த் தீவுக்குத் தெற்கே, அரிப்பு, மரிச்சுக்கட்டிக் கரைகளுக்கு எதிரேயுள்ள முத்துப்பார்கள் குறிப்பிடத்தக்கன.

1850களின் இறுதியில் இலங்கை மருத்துவர் கெலார்ட், சிப்பியில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கும் முத்துக்கும் தொடர்புண்டு என்றார். 1891இன் பின் முத்துக்குளிப்பு நெடுநாள் நிகழாது போகவே, 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மன், ஹோர்னெல் என்போர் ஆய்வுக்கு வந்தனர். நாடாப்புழுக் குடம்பியைச் சூழ்ந்தே உயர்ந்த முத்துக்கள் உருவாகின்றன என்பது அவர்தம் முடிபு. அயலான் புகுந்தான், உடல் அவனைச் சிறையிட்டது என்பதே அதன் சாரம். 1882இல் மெச்னிக்கோவ், நட்சத்திரமீன் குடம்பியிற் செருகிய முள்ளைக் கலங்கள் சூழக் கண்டு நிர்ப்பீடனவியலுக்கு வித்திட்டமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

ஆயின், 1912இல் ஜேம்சன் இலங்கை முத்துக்களை ஆய்ந்து புழுக் கொள்கையை மறுத்தார். மென்மூடியின் மேலணிக் கலங்கள் இடம்பெயர்ந்து, பையாகி, முத்துப்பொருளைச் சுரக்கின்றன என்பதே இன்று ஏற்கப்படும் விளக்கம். காயமோ ஒட்டுண்ணியோ அதற்கு ஏதுவாகலாம். முத்தை ஆக்குவதோ சிப்பியின் சொந்தக் கலமே.

பெருங்குடற் புற்றுநோயும் உடலின் சொந்த மேலணிக் கலத்தினின்றே பிறக்கின்றது. முத்துப்பை அடங்கிக் கிடக்க, புற்றோ கட்டின்றிப் பெருகும். தன்னினின்று தோன்றிய பகையை உடல் எங்ஙனம் இனங்காணும்? கலத்தின் மரபுப்பொருளில் நேரும் பிழைகளால் இயல்பிற்கு மாறான புரதங்கள் தோன்றுகின்றன. 'ரி' நிணநீர்க்குழியங்கள் எனும் வெண்குருதிக் கலங்கள் அவற்றை உணர்ந்து கட்டியுட் புகும். இக்குழியங்கள் செறிந்த கட்டியுடையோர் நீடித்து வாழ்ந்தமையை 2006இல் கலோன் குழுவினர் காட்டினர். ஆயினும், அவற்றைத் தடுத்து ஓய்விக்கவும் கட்டி வல்லது. அத்தடையை நீக்கும் மருந்தால், மரபுப்பிழை திருத்தும் ஆற்றல் குன்றிய நேர்குடற் கட்டியுடைய 12 பேரிடத்தும் கட்டி மறைந்ததென 2022இல் நியூயோர்க் மருத்துவர் அறிவித்தனர். பெரும்பாலான நோயாளரின் கட்டிகள் அவ்வகையின அல்ல. பிழைகள் குறைந்த அவற்றை உடல் அயலென உணர்தல் அரிது. இன்றைய ஆய்வின் இடர்ப்பாடு இதுவே.

மன்னாரின் ஆய்விலிருந்து இம்மருத்துவம் பிறந்தது என்பது மிகையாகும். ஆயின், கேடு புறத்திருந்தே வரும் என்னும் எளிய எண்ணம் ஈரிடத்தும் திருத்தம் பெற்றது. 'தான்' எது, 'பிறிது' எது என்ற வினாவுக்குக் கிடைக்கும் விடையிலேயே பல்லாயிரவர் உயிர் தங்கியுள்ளது.