மருத்துவமனைத் தொற்று: வடசென்னை

நோயாளி சேரும்போது இல்லாத கிருமித் தொற்று, சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பின் தலைகாட்டினால் அதை மருத்துவமனைத் தொற்று என்பர். சிறுநீர்க் குழாய், வென்டிலேட்டர், ரத்தக் குழாயில் செருகும் ஊசிக்குழல், அறுவைப் புண் ஆகியவையே கிருமி நுழையும் முக்கிய வாசல்கள். ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் உள்நோயாளிகள் 100 பேரில் 15 பேருக்கு இது வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

தண்டையார்பேட்டையிலுள்ள தொற்றுநோய் மருத்துவமனை, ஊருக்குள் பரவும் காலரா, தொண்டை அடைப்பான் போன்ற நோய் கண்டவர்களைப் பிரித்து வைத்துக் காத்தது. மருத்துவமனைத் தொற்றோ உள்ளேயே, பெரும்பாலும் கை வழியாக, ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குச் செல்வது. மகப்பேற்றுக் காய்ச்சலைக் கைகழுவித் தடுக்கலாம் என்று மருத்துவர் செம்மல்வைஸ் வியன்னாவில் 1847இல் காட்டினார். இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு இன்றும் அதுவே முதல் பாடம். சோப்பு போட்டால் 40 முதல் 60 விநாடி, கைதேய்ப்பு மருந்தானால் 20 முதல் 30 விநாடி கைகளைத் தேய்க்க வேண்டும்.

தொற்றுக் கண்காணிப்பு என்பது எண்ணிக்கை. தினமும் ஒரே நேரத்தில், வார்டில் எத்தனை பேருக்குச் சிறுநீர்க் குழாய் இருக்கிறது என்று செவிலியர் பதிவேட்டில் குறிக்கிறார். மாதக் கூட்டுத்தொகை 500 குழாய்-நாள், தொற்று 2 என்றால், விகிதம் ஆயிரம் குழாய்-நாளுக்கு 4. அடுத்த மாதம் அது 8 ஆனால், எங்கோ கை தவறியிருக்கிறது என்று தேடத் தொடங்கலாம். எண்ணாத இடத்தில் தேடவே வழியில்லை. வண்ணக் குப்பைத் தொட்டிகள் பார்வையாளர் கண்ணில் படும். இந்தப் பதிவேடு படாது. ஆனால் உயிர் காப்பதில் இதன் பங்கு பெரிது.

தடுக்கத் தவறினால் மருந்தும் கைவிடும். என்.டி.எம்.-1 என்ற நொதியால் வலுவான ஆன்டிபயாடிக்குகளையே செயலிழக்கச் செய்யும் கிருமிகள் சென்னையில் 44 மாதிரிகளில் இருந்ததை 2010இல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு காட்டியது. 2012இல் மருத்துவ அமைப்புகள் கூடி, ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுக்கான ‘சென்னைப் பிரகடனத்தை’ உருவாக்கின.

மருத்துவமனைக்கு வெளியே, பலர் கூடி வாழும் விடுதிகளும் இதே ஆபத்தில் உள்ளவை. 2020 ஜூனில் இராயபுரம் அரசு குழந்தைகள் இல்லத்தில் 35 பேருக்குக் கொரோனா உறுதியானபோது, உச்ச நீதிமன்றம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. முதியோர் இல்லங்களிலும் சிறு நர்சிங் ஹோம்களிலும் தொற்றை எண்ணுவதற்கென்றே ஓர் ஆளைப் பொறுப்பாக்குவது அவசியம்.

நோயாளியுடன் தங்குவோர் கட்டிலைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவ வேண்டும். “குழாயை எப்போது எடுப்பீர்கள்?” என்று தினமும் கேளுங்கள், தேவைக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று வாய்ப்பைக் கூட்டுகிறது.